கிரிபாட்டியின் இரண்டாவது நாற்காலி

மேசை மேல் முக்கோணமாக மடித்து நிறுத்திய ஓர் அட்டை. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ். தமிழ்ப் பக்கம் சபையைப் பார்த்து இருந்தது. அதில் கறுப்பு மையில், கொட்டை எழுத்தில், ‘கிரிபாட்டி’ என்று அச்சடித்திருந்தார்கள்.

முன்வரிசையில் இருந்த ஜெர்மனி திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இருந்த பிரேசிலின் தோளைத் தட்டியது. “டேய், பாட்டி வந்திருக்குடா” என்றது. பிரேசில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது.

அந்த அட்டைக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகள். மைக்குக்கு நேராக இருந்த முதல் நாற்காலியில் ரெஜினா. இரண்டாவதில் நான். எனக்கு மைக் கிடையாது. ஒரு பேனாவும், மற்ற நாடுகளுக்குச் சேதி எழுதி அனுப்ப ஒரு கட்டுத் துண்டுச்சீட்டும் கொடுத்திருந்தார்கள்.

புதுக்கோட்டையிலிருந்து திருமயம் போகும் சாலையில் ஒரு தனியார் கல்லூரியின் அரங்கம் அது. ஏசியைக் கூட்டி வைத்திருந்ததில் பாதி நாடுகளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. பின்கட்டிலிருந்து சமோசா பொரிக்கும் வாசனை வந்தது. எனக்கு வயிறு எரிந்தது. அதற்கும் சமோசாவுக்கும் சம்பந்தமில்லை.

சித்தி மகளின் தங்கக் கம்மலைப் பார்த்துவிட்டு நான் இரண்டு வேளை சாப்பிடாமல் கிடந்ததை இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் தங்கை போன் செய்தாள். “ஏங்க்கா, இம்புட்டுப் பொறாமையையும் ஒடம்புல எங்கிட்டு வச்சிருந்த?” என்று கேட்டாள். இந்த வாரத்தையும் படித்துவிட்டுக் கேளடி என்று சொல்லி வைத்திருக்கிறேன். கம்மல் சின்ன விஷயம்.

குலுக்கலில் விழுந்த தீவு

அப்போது நான் பதினொன்றாம் வகுப்பு. அப்பாவுக்குக் கறம்பக்குடியில் உரக்கடை. என்னைப் புதுக்கோட்டையில் விடுதியோடு இருந்த ஒரு பள்ளியில் சேர்த்திருந்தார். ரெஜினாவுக்கு ஆவுடையார்கோவில் பக்கம். விடுதியில் அவளுடைய கட்டில் ஜன்னலோரம், என்னுடையது அதற்கு அடுத்தது. ஜன்னலும் அவளுக்குத்தான் போயிருந்தது என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அந்த வருடம்தான் எங்கள் மாவட்டத்துக்கு மாணவர் உலக சபை என்று ஒன்று வந்தது. பள்ளிக்கு ஒரு நாடு, நாட்டுக்கு இரண்டு பேர். உலக நாடுகளின் தூதர்களைப் போல உட்கார்ந்து பேச வேண்டும். எந்த நாடு கிடைத்ததோ அந்த நாட்டின் வெளியுறவுக் கொள்கையைத்தான் பேசலாம், சொந்தக் கருத்துக்கு இடமில்லை. ‘நான்’ என்ற சொல்லே வாயில் வரக் கூடாது. “எங்கள் நாடு கருதுகிறது” என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். தமிழிலும் பேசலாம் என்று சொன்னதால் எங்கள் பள்ளி துணிந்து பெயர் கொடுத்தது.

நாடுகளைக் குலுக்கல் போட்டுத் தந்தார்கள். புவியியல் எடுக்கும் சுமதி மிஸ் போய்ச் சீட்டெடுத்து வந்தார். அமெரிக்கா வரும், போனால் போகிறது ஜப்பானாவது வரும் என்று வகுப்பே காத்திருந்தது. மிஸ் சீட்டைப் பிரித்தார். சுவரில் தொங்கிய வரைபடத்தில் பசிபிக் கடல் முழுவதையும் விரலால் துழாவினார்.

“இங்கிட்டுத்தான் எங்கயாச்சும் இருக்கணும்” என்றார்.

சற்று நேரத்தில் சில புள்ளிகள் அகப்பட்டன. பெரும்பாலும் மேடே இல்லாத பவளத் தீவுகள். கொப்பரைத் தேங்காயும் மீனும்தான் பிழைப்பு. கடல் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்துகொண்டிருக்கிறது. கொடுத்த சீட்டில் இருந்த ஆங்கில எழுத்துகளை மிஸ் கூட்டிப் படித்தார். கி, ரி, பா, டி. கிரிபாட்டி. அன்று சாயங்காலத்திலிருந்தே விடுதியில் எங்கள் இருவருக்கும் பெயர் பாட்டிதான். “பாட்டி, இட்லி மெல்ல வருமா, இல்ல கஞ்சியாக் குடுக்கச் சொல்லவா?” என்று சாப்பாட்டு வரிசையில் கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த அம்மாவிடம் சபையின் முறைகளை எல்லாம் விளக்கினேன். தலைவரை ஆங்கிலத்தில் ‘ஆனரபிள் சேர்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்றேன். அம்மா கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பிரித்தபடியே, “நாக்காலிக்கு எதுக்குடி அம்புட்டு மரியாத?” என்றார். அந்தக் கேள்வியை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. அப்போது எனக்கு நாற்காலி என்ற சொல்லே ஆகாமல் போயிருந்தது.

ஏனென்றால் அதற்கு முந்தின நாள்தான் சுமதி மிஸ் எங்கள் இருவரையும் ஆளுக்கு ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, “ரெஜினா பேசட்டும். கலையரசி, ஒனக்கு எழுத்து நல்லா வருது” என்றார். எழுத்து நல்லா வருது என்பது பேச்சு வராத பிள்ளைகளுக்கென்றே ஆசிரியர்கள் கண்டுபிடித்த ஆறுதல்.

அதோடு இன்னொரு சேதியும் சொன்னார். மாவட்டத்தில் சிறந்த குழுவாக வரும் பள்ளியிலிருந்து ஒருவரைச் சென்னையில் நடக்கும் மாநிலச் சபைக்கு அழைப்பார்கள். ஒருவரை மட்டும். மூன்று நாள், ரயில் பயணம், கடற்கரைக்கு எதிரே தங்குமிடம்.

நான் அதுவரை திருச்சியைத் தாண்டியதில்லை. அந்த ஓர் இடம் எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். அது ரெஜினாவுக்குக் கிடைக்கக் கூடாது என்று அதைவிட அதிகமாக நினைத்தேன்.

எனக்கு இல்லாத குறை

கொள்கையைத் தேடி எழுதியது முழுக்க நான். கணினி அறையில் எனக்குக் கிடைத்த அரை மணி, அரை மணியாக உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். அந்த நாடு சில காலம் உலகத்திடம் சொல்லி வந்த கொள்கை ஒன்று எனக்குப் பிடித்துப்போனது. கண்ணியத்தோடு இடம்பெயர்தல் என்று அதைத் தமிழில் எழுதினேன். கடல் ஏறி வந்த பிறகு அகதியாக இன்னொரு நாட்டின் வாசலில் போய் நிற்பதைவிட, இப்போதே மக்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்து, வேலைக்காரர்களாகத் தலை நிமிர்ந்து அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம்.

ரெஜினா கட்டிலில் உட்கார்ந்து நான்கு பக்கத்தையும் படித்தாள். 

“எங்கப்பாவத்தாண்டி எழுதியிருக்க” என்றாள்.

அவளுடைய அப்பா மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். அவள் ஆறாம் வகுப்பு படிக்கும்போது போனவர், நடுவில் இரண்டு முறைதான் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் விடுதி அலுவலகத்தில் அவருக்கென்று போன் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். பேசிவிட்டு வந்து முகம் கழுவுவாள். கழுவி முடித்த பிறகும் கண் சிவந்தே இருக்கும். அன்று மட்டும் வார்டன் அவளுக்கு இரண்டு கரண்டி பாயசம் ஊற்றுவார்.

அந்த இரண்டாவது கரண்டியை நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சொல்வதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மையைச் சொல்வதாகச் சொல்லித்தான் இந்தத் தொடரை ஆரம்பித்தேன். மறுநாள் ஒத்திகையில் ரெஜினா என் நான்கு பக்கத்தையும் மூடி வைத்துவிட்டு, “வேலைக்குப் போறவங்களுக்கும் வீடு உண்டு, திரும்பி வர ஒரு ஊரு உண்டு. எங்க சனத்துக்குத் திரும்பி வர ஊரே இருக்காது” என்று பேசினாள். சுமதி மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று எனக்கு என் அப்பா மேல் கோபம் வந்தது. தினமும் கறம்பக்குடிக் கடையில் யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற மனிதர். அவரை வைத்துக்கொண்டு நான் யாரை அழ வைக்க முடியும்? அப்பா பக்கத்தில் இருக்கிறாரே என்று பொறுமியவள் அந்த மாவட்டத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இரண்டு எழுத்து

சபைக்குப் பத்து நாள் இருக்கும்போது, பள்ளி நூலகத்தில் உலக நாடுகளைப் பற்றிய ஒரு தடிப் புத்தகம் கிடைத்தது. அதில் எங்கள் தீவுக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். கடைசியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. அந்த நாட்டு மொழியில் ‘ஸ்’ என்ற ஒலிக்குத் தனி எழுத்து கிடையாது. டி, ஐ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எழுதினால் அதை ‘ஸ்’ என்று படிக்க வேண்டும். ஆகவே நாட்டின் பெயர் கிரிபாட்டி அல்ல. கிரிபாஸ்.

 மிஸ்ஸுக்குத் தெரியாது. சபை நடத்துகிறவர்களுக்குத் தெரியாது. இத்தனை உருக்கமாகப் பேசப் போகிற ரெஜினாவுக்குத் தன் நாட்டின் பெயரே தெரியாது.

அறைக்கு வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். நான் வந்தபோது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, “என்னடி, முகம் பிரகாசமா இருக்கு?” என்றாள்.

“ஒண்ணுமில்ல” என்றேன்.

அந்த ஒண்ணுமில்லையைப் பத்து நாள் காப்பாற்றினேன். புத்தகத்தை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன். துணி துவைக்கும் கல்லில் நின்றுகொண்டு ரெஜினா, “மாண்புமிகு தலைவர் அவர்களே, கிரிபாட்டி நாடு இந்தச் சபையை வேண்டிக் கேட்டுக்கொள்வது” என்று சத்தமாக ஒத்திகை பார்ப்பாள். நான் வாளிக்குள் தலையைக் குனிந்துகொண்டு ஒரே பாவாடையை நான்கு முறை அலசுவேன். சில சமயம் தொண்டை வரை வந்துவிடும். அப்போதெல்லாம் சென்னைக் கடற்கரையை நினைத்துக்கொள்வேன்.

என் திட்டம் எளிது. அவள் தப்பாகச் சொல்வாள், யாராவது சிரிப்பார்கள். நான் எழுந்து சரியான பெயரைச் சொல்வேன். சபை திரும்பி இரண்டாவது நாற்காலியைப் பார்க்கும்.

அட்டையைத் தூக்கினேன்

அதேபோல்தான் நடந்தது. அதுதான் கஷ்டம்.

ரெஜினா நன்றாகப் பேசினாள். சமோசாவை மறந்து கேட்டார்கள். முடித்ததும், திருமயத்திலிருந்து வந்திருந்த ஆஸ்திரேலியா கேள்வி கேட்க எழுந்தது. கோட்டும் டையும் போட்ட பையன். “கிரிபாட்டி ரொம்ப வயதானவர் போலிருக்கிறது. பாட்டி எங்கள் நாட்டுக்கு வந்தால் என்ன வேலை செய்வார்?” என்றான். ஜெர்மனி மேசையைத் தட்டிச் சிரித்தது. அரங்கமே சிரித்தது. ரெஜினா மைக்கைப் பிடித்தபடி நின்றாள்.

விதிமுறையில் தவறு இருந்தால் நாட்டின் அட்டையைத் தூக்கிக்கொண்டு எழலாம் என்று ஒரு விதி உண்டு. நான் தூக்கினேன். மேசையில் இருந்த தண்ணீர் பாட்டில் உருண்டு விழுந்தது.

“அது கிரிபாட்டி இல்லை, கிரிபாஸ்! எல்லாரும் தப்பாச் சொல்றீங்க. நான்தான் கண்டுபிடிச்சேன்!”

சிரிப்பு நின்றது. தலைவர் நாற்காலியில் இருந்தவர் சென்னைச் சட்டக் கல்லூரி மாணவி. கறுப்புக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“பிரதிநிதி ‘நான்’ என்று சொல்லக் கூடாது.”

“சாரி, ஆனரபிள் சேர்.”

“அது இருக்கட்டும். எல்லாரும் தப்பாகச் சொல்கிறோம் என்கிறீர்கள். உங்கள் முதல் தூதரும் இவ்வளவு நேரம் கிரிபாட்டி என்றுதானே சொன்னார்? உங்கள் நாட்டுக்கு என்ன பெயர் என்று உங்களுக்குள்ளேயே முடிவாகவில்லையா?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஆஸ்திரேலியாவை அடிக்கவில்லை. என் நாட்டைத்தான் அடித்திருந்தேன். பரிசு, சென்னை எல்லாம் அந்தத் தண்ணீர் பாட்டிலோடு உருண்டு போனதாகவே நினைத்தேன்.  உட்காரவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை.

ரெஜினா என் பக்கம் திரும்பவே இல்லை. மைக்கைச் சற்றுத் தன் பக்கம் இழுத்தாள்.

“மாண்புமிகு தலைவர் அவர்களே, இந்தியாவில் புதுக்கோட்டை என்று ஒரு மாவட்டம் இருப்பதாக எங்கள் நாடு அறிகிறது” என்று ஆரம்பித்தாள்.

அரங்கம் ஒரு நொடி விழித்தது, பிறகு சிரித்தது. இந்தச் சிரிப்பு வேறு.

“அங்கே ஓர் ஊருக்குப் பெயர்ப்பலகையில் ஆவுடையார்கோவில் என்று எழுதியிருக்கிறது. அந்த ஊர்க்காரங்க வாயில் அது ‘ஆவடையார்கோயிலு’. ரெண்டும் ஒரே ஊருதான். பஸ் ஒழுங்காப் போய்ச் சேருது. அதுபோல, இந்தச் சபை எங்களுக்கு அட்டையில் எழுதிக் கொடுத்த பெயரில் முதல் தூதர் பேசினார். எங்கள் மக்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயரை இரண்டாம் தூதர் இப்போது சொன்னார். நாளைக்குத் தீவு முழுகிப் போனாலும் எங்க சனம் கூட எடுத்துக்கிட்டுப் போகப்போறது அந்தப் பேரைத்தான். அதையாவது இந்தச் சபை சரியாச் சொல்லப் பழகணும். ஆஸ்திரேலியா முதலில் சொல்லட்டும்.”

கோட்டுப் பையன் எழுந்தான். “கிரிபாஸ்” என்றான். அவன் காது சிவந்திருந்தது. கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆனது. எல்லாரும் முதல் நாற்காலியைப் பார்த்துத் தட்டினார்கள். நான் கையில் அட்டையோடு இன்னும் நின்றுகொண்டிருந்தேன்.

சிறந்த குழு நாங்கள்தான். பெயரை முதலில் தவறாகச் சொல்லிப் பிறகு திருத்தியது அருமையான உத்தி என்று தலைவர் பாராட்டினார். சுமதி மிஸ் எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். சென்னைக்குப் போகிறவர் பெயரை எழுதும் படிவத்தை ரெஜினாவிடம் கொடுத்து, “நீங்களே பேசி முடிவு பண்ணி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, திங்கக்கெழம குடுங்க” என்றார்.

அறந்தாங்கி பஸ்

அன்று சனிக்கிழமை என்பதால் இருவரும் ஊருக்குப் போக பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். சாயங்கால வெயில். ரெஜினா அவித்த கடலை வாங்கினாள். அறந்தாங்கி பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்துவிட்டு எட்டிப் பார்த்து என்னிடமும் கொஞ்சம் கொடுத்தாள்.

“கலை, அந்தப் பேர எப்ப கண்டுபிடிச்ச?”

“நேத்துத்தான். சொல்ல மறந்துட்டேன்.”

அவள் ஒரு கடலையை உரித்து வாயில் போட்டாள்.

“லைப்ரரி புஸ்தகத்துக்குப் பின்னாடி தாள் ஒட்டியிருப்பாங்கல்ல, யார் யாரு எடுத்தாங்கன்னு. அதுல ஒம் பேருக்குக் கீழ எம் பேரு இருக்குடி. நீ திருப்பிக் குடுத்த அன்னைக்கே எடுத்துட்டேன். அப்படி எதப் படிச்சிட்டு மூஞ்சி பிரகாசமா வந்தேன்னு பாக்கணும்னு தோணுச்சு.”

என் வாயில் இருந்த கடலை அப்படியே நின்றுவிட்டது.

“சொல்லுவ, சொல்லுவன்னு ஒரு வாரம் பாத்தேன். தொவைக்கிற கல்லுல வேணும்னேதான் சத்தம் போட்டுச் சொன்னேன். நீ வாளிக்குள்ள மூஞ்சிய வச்சுக்கிட்ட.”

“அப்பறம் ஏண்டி சபையிலயும் தப்பாவே சொன்ன?”

“எல்லார் முன்னாடியும் எந்திரிச்சுச் சொல்லத்தான் வச்சிருக்கேன்னு தெரிஞ்சு போச்சு. சரி, எந்திரிக்கட்டும்னு விட்டேன். நீ எந்திரிச்சா என்ன சொல்லணும்னு முந்தாநாளே எழுதி வச்சுட்டேன். ஆவடையார்கோயிலு, பஸ்ஸு, எல்லாம்.”

“நான் எந்திரிக்காம இருந்திருந்தா?”

ரெஜினா என்னைப் பார்த்துச் சிரித்தாள். “ஒன்னால இருக்க முடியுமாடி?”

எனக்குக் கோபம் வரவில்லை. அழுகை வரப் பார்த்தது, அதை அடக்கிவிட்டேன். வந்தது அதே பழைய பொறாமைதான். பேச்சு, ஜன்னல், பாயசம் எல்லாவற்றையும் விட, இவள் என்னை இவ்வளவு சரியாகத் தெரிந்து வைத்திருக்கிறாளே என்று வயிறு எரிந்தது. அந்தப் பத்து நாளும் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தும் எனக்கு அவளைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

கண்டக்டர் விசில் கொடுத்தார். அவள் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து ஜன்னல் வழியாக என் கையில் திணித்தாள். “அந்தப் படிவம். வீட்டுக்குப் போயிப் பாரு. திங்கக்கெழம வாரேன்” என்றாள். பஸ் கிளம்பிப் போய்விட்டது.

கறம்பக்குடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதைப் பிரித்தேன். யார் போவது என்று திங்கட்கிழமை அவளோடு சண்டை போட என்னென்ன சொல்லலாம் என்று ஏற்கெனவே மனத்துக்குள் அடுக்க ஆரம்பித்திருந்தேன்.

சென்னை செல்பவர் என்ற இடத்தில், அவளுடைய குண்டு குண்டான கையெழுத்தில், ரெ. ரெஜினா என்று எழுதியிருந்தாள். கீழே தன் கையொப்பத்தையும் போட்டிருந்தாள். அதற்குப் பக்கத்தில் என் பெயரையும் எழுதி, அதன் மேல் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள்.

போட மாட்டேன் என்று நினைத்தேன். பேனாவை எடுத்தேன், மூடினேன், மறுபடி எடுத்தேன். ஆலங்குடி வருவதற்குள் போட்டுவிட்டேன். அவளுடைய கையெழுத்தைவிடப் பெரிதாகப் போட்டேன்.